தலைக்கு மேல் ஒன்பதாயிரம் லிட்டர்

குழந்தையின் கன்னத்தில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. பவுடர் என்றுதான் சண்முகசுந்தரி முதலில் நினைத்தாள். முந்தானையால் ஒற்றியெடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றிருந்தது. சுண்ணாம்பு. அண்ணாந்து பார்க்கும்போதே இன்னொரு பொட்டு உதிர்ந்து கம்பளியின் மேல் விழுந்தது.

அது 1963-ஆம் வருஷத்து மே மாதம். சண்முகசுந்தரி செண்பகனூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. தலைப்பிரசவத்துக்கு ஆயக்குடியில் அம்மா வீட்டுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. வலி முன்கூட்டியே வந்துவிட்டது. மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் இறங்கினால் வழியிலேயே பிரசவமாகிவிடும் என்று பயந்து, கணவன் ஞானவேல் அவளைக் கொடைக்கானலிலேயே ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். பெண் குழந்தை. பிறந்து இரண்டு நாளாகியிருந்தது. ஞானவேலுக்குப் பஸ் கம்பெனி ஆபீஸில் வேலை. சீசன் நேரத்தில் லீவு கேட்க முடியாது. சாயங்காலம்தான் வருவான். அம்மாவுக்குத் தந்தி போயிருந்தது, அவள் இன்னும் வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரி என்பது வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய பங்களா. பங்களாவுக்குத் தகரக் கூரை. பிற்பாடு பக்கவாட்டில் ஒட்டிக் கட்டிய வார்டுக்கு மட்டும் மரவிட்டங்கள் போட்டு மேலே தளம் பாவிய மட்டக் கூரை. நாலு கட்டில்களில் இரண்டு காலி. கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் சண்முகசுந்தரியும், அடுத்த கட்டிலில் மேல்மலைக் கிராமத்திலிருந்து விடியற்காலையில் வந்திருந்த வேலுத்தாயும் கிடந்தார்கள். வேலுத்தாய்க்கு வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மாமியார் சோலையம்மாள் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் வேலுச்சாமியும் அவன் தம்பியும் வெளியே தாழ்வாரத்தில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். பூண்டு லாரியில் ஏறி வந்தவர்கள்.

அந்த வருஷம் சீசன் கூட்டத்தில் ஊர்க் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. டாக்டரம்மா வார்டுக் கூரையின் மேலேயே செங்கல்லில் ஒரு தொட்டி கட்டச் சொல்லியிருந்தார். பள்ளத்துக் கிணற்றிலிருந்து டீசல் என்ஜின் வைத்து ஏற்றுவதாக யோசனை. ஒரு வாரமாகத் தொட்டிச் சுவரை நனைத்து நனைத்துக் காய விட்டார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிரப்புகிறார்கள். விடிந்ததிலிருந்து என்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. முதலில் மேலே தண்ணீர் சலசலவென்று காலித் தளத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அது கனத்து, அடங்கி, ஆழத்துக்குள் விழுகிற சத்தமாக மாறியிருந்தது.

நர்ஸ் கண்மணி வெந்நீரோடு வந்தபோது கதவு திறக்கவில்லை. அவள் தோளால் இடித்துத் தள்ளினாள். கீழே தரையோடு உரசிக் கீச்சிட்டுக்கொண்டு திறந்தது. நேற்று அதே கதவு காற்றுக்குத் தானே ஆடிக்கொண்டிருந்ததைச் சண்முகசுந்தரி பார்த்திருந்தாள். சுண்ணாம்பு உதிர்வதைச் சொன்னாள். புதுசாகக் கட்டினால் கொஞ்சம் உதிரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு, கண்மணி குழந்தையின் முகத்துக்கு மேல் ஒரு துணியை இழுத்துவிட்டாள். நாற்பது வயதுக்காரி. கை சுத்தம், பேச்சும் கறார். டாக்டரம்மா மதுரைக்குப் போயிருந்ததால் அன்றைக்கு எல்லாச் சோலியும் அவள் தலையில்.

சண்முகசுந்தரி கண்ணை மூடிப் பார்த்தாள். முடியவில்லை. கூரையின் உள்பக்கத்தில், தொட்டிச் சுவர்கள் நிற்கிற இடம் ஈரம் இறங்கி நாலு பக்கமும் கோடு கிழித்தாற்போலத் தெரிந்தது. அந்தக் கட்டத்துக்கு நேர் கீழேதான் அவள் கட்டிலும் வேலுத்தாயின் கட்டிலும் இருந்தன. தரையில் சிவப்பு ஓடுகள் பாவியிருந்தன. ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம். கண் தன்னாலே எண்ணியது. நீளவாக்கில் பத்து ஓடு. அகலத்தில் ஆறரை. உயரத்தையும் அவள் பார்த்திருந்தாள். வலியோடு முற்றத்தில் நடக்கவிட்டபோது, மேஸ்திரி சுப்புராஜ் தொட்டிக்குள் நின்று சுவரை நனைத்துக்கொண்டிருந்தார். நெடிய ஆள். கீழேயிருந்து பார்க்க அவர் தலைப்பாகையும் முகமும் மட்டும்தான் தெரிந்தன. கழுத்துவரை மறைத்தால் ஐந்தடி இருக்கும்.

அடிக்கணக்கை மீட்டராக்குவது அவளுக்குப் புதிதில்லை. இரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். பத்தடி மூன்று மீட்டர். ஆறரை அடி இரண்டு மீட்டர். ஐந்தடி ஒன்றரை. மூவிரண்டு ஆறு, ஆறு ஒன்றரை ஒன்பது. ஒன்பது கன மீட்டர். கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர் என்றால் ஒன்பதாயிரம் லிட்டர். தண்ணீரில் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒன்பதாயிரம் கிலோ. ஒன்பது டன்.

எங்கேயோ ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்று நினைத்தாள். வகுப்பில் அட்டையில் செய்து காட்டுகிற பெட்டியை மனசுக்குள் கொண்டுவந்தாள். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர், உள்ளே ஒரு லிட்டர் பிடிக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு அப்படிப் பத்துப் பெட்டி. பத்து வரிசை வைத்தால் நூறு. பத்து அடுக்கு அடுக்கினால் ஆயிரம். பூஜ்யம் கூடவில்லை. வைத்தது வைத்தபடி ஒன்பது டன்தான். செங்கல்லின் பாரம் தனி.

கண்மணியைக் கூப்பிட்டுச் சொன்னாள். குரல் நடுங்காமல் இருக்கப் பிரயத்தனப்பட்டாள். கண்மணி பொறுமையாகவே கேட்டாள்.

“டீச்சர், டாக்டரம்மா ரெண்டாயிரம் லிட்டருக்குத்தான் தொட்டி கட்டச் சொன்னாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு இன்ஜினியர் வந்து விட்டத்தையெல்லாம் பார்த்து, அவ்வளவு தாங்கும்னு சொல்லிட்டுத்தான் போனார். நீங்க கண்ணால அளந்தது எப்படிச் சரியா இருக்கும்? படுங்க.”

இரண்டாயிரம் லிட்டர். இரண்டே டன். சண்முகசுந்தரிக்கு மூச்சு வந்தது. தலையணையில் சாய்ந்தாள். படித்தவர்கள் பார்த்துத்தான் செய்திருப்பார்கள். நாம் என்ன படுத்த இடத்திலிருந்து ஓடு எண்ணிக்கொண்டு.

ஆனால் இரண்டாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் அவ்வளவு தூரம் எப்படி வரும்? கண்ணளவு தப்பினாலும் ஒரு சாண், இரண்டு சாண் தப்பலாம். நாலரை மடங்கு தப்புமா? அந்த நாலரை என்ற எண்ணை அவள் வகுப்புப் பலகையில் எழுதியிருக்கிறாள். பழைய அளவான காலன் ஒன்றுக்கு ஏறக்குறைய நாலரை லிட்டர். இரண்டாயிரத்தை நாலரையால் பெருக்கினால் ஒன்பதாயிரம். டாக்டரம்மா சொன்னது லிட்டர். மேஸ்திரி கட்டியது காலன்.

இனி இது சந்தேகமில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. இதுவரை தன் கணக்கு தப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை ஒன்று இருந்தது. இப்போது இரண்டு பக்கமிருந்தும் கணக்கு வந்து பொருந்திவிட்டது.

அவள் எழுந்து உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் நடுங்கியது. காலன், லிட்டர் என்று சொல்லச் சொல்ல வார்த்தை குழறியது. கண்மணி அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். போன மாதம் இதே வார்டில் ஒரு பெண், பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், சுவருக்குள்ளிருந்து யாரோ குழந்தையைக் கேட்கிறார்கள் என்று கத்தியிருக்கிறாள். பிரசவ சன்னி. அதை யாரும் சண்முகசுந்தரியிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கண்மணியின் முகம் மாறியதைப் பார்த்ததும், தனக்குச் சன்னி என்று அவள் நினைப்பது சண்முகசுந்தரிக்குப் புரிந்துவிட்டது. கண்மணி ஒரு மாத்திரையும் தம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்தாள். தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மாத்திரையைக் கைக்குள் மடக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்தாள் சண்முகசுந்தரி. தூங்கினால் இந்தக் கூரையின் கீழ் தூங்க வேண்டும். கண்மணி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். வேலுத்தாயின் வலி நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு வேறொரு பயம் வந்தது. ஒருவேளை இதுதான் சன்னியோ? கிறுக்குப் பிடித்தவளுக்குத் தான் சொல்வதெல்லாம் சரியாகத்தானே தெரியும். அம்மா இருந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். எட்டாம் வாய்ப்பாட்டை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தன் பெயர், புருஷன் பெயர், பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் பெயர் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். மேலே தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. இப்போது சத்தம் மிகவும் கிட்டத்தில் கேட்டது. தொட்டி நிறையப் போகிறது.

தரையில் இருந்த சோலையம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சரம்மா, அந்த லிட்டரு எல்லாம் எனக்கு வெளங்கல. மேல எம்புட்டுப் பாரம் கெடக்கு, அத மட்டும் சொல்லுங்க.”

சண்முகசுந்தரி யோசித்தாள். அரிசி மூட்டை ஒன்று எழுபத்தைந்து கிலோ. ஒன்பதாயிரத்துக்கு எத்தனை மூட்டை என்று வகுத்தாள்.

“நூத்தி இருபது மூட்டை அரிசி, அக்கா.”

சோலையம்மாளின் கை வேலுத்தாயின் காலில் அப்படியே நின்றது. மெதுவாக அண்ணாந்து, ஈரக் கோட்டின் நடுவில் ஓடிய விட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

“நாங்க வந்த லாரியே அம்பது மூட்டைக்கு மேல ஏத்தாது” என்றாள்.

அவள் எழுந்து கதவைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கதவு நிலைக்குள் இறுகிப்போயிருந்தது. கதவில் அறைந்து மகனைக் கூப்பிட்டாள். “ஏலே வேலு, வெரசா வாலே. தம்பியயும் கூட்டியா.”

என்ன கூத்து இது என்று கண்மணி அதட்டினாள். பிள்ளைக்குத் தலை திரும்பிவிட்டது, இன்னும் சற்று நேரத்தில் பிறந்துவிடும், இந்த நிலையில் வேலுத்தாயை அசைக்கவே கூடாது என்றாள். பேசிக்கொண்டே கதவருகில் வந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தவள் பேச்சை நிறுத்தினாள். இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு திரும்பி, தரை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அந்த ஈரக் கோட்டின் அடியில் நடந்தாள். அவள் உதடு எண்ணுவதைச் சண்முகசுந்தரி பார்த்தாள்.

அந்த நேரத்தில் விட்டம் முனகியது. பெரிய சத்தமில்லை. பாரம் ஏற்றிய வண்டியின் நுகத்தடி முனகுவதுபோல நீளமாக ஒரு முறை. சுண்ணாம்பு ஒரு கைப்பிடி அளவுக்குக் கொட்டியது.

அதற்குப் பிறகு கண்மணி ஒரு கணமும் தயங்கவில்லை. வேலுச்சாமியைக் கதவை உடைக்கச் சொல்லி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. அந்தக் கதவைத் தவிர வேறு வழி கிடையாது. அண்ணனும் தம்பியும் வெளியிலிருந்து மோதினார்கள். ஒவ்வொரு மோதலுக்கும் மேலேயிருந்து மண் உதிர்ந்தது. அந்த மோதலிலேயே கூரை இறங்கிவிடுமோ என்று சண்முகசுந்தரி குழந்தையின் மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டாள். தன் முதுகு எவ்வளவு தாங்கும் என்று யோசித்தாள். ஒன்றும் தாங்காது என்று தெரிந்தது. தெரிந்தும் நகரவில்லை.

கதவின் கீழ்ப்பலகை பிளந்தது. பிறகு கதவே நிலையோடு பெயர்ந்து சாய்ந்தது. வேலுத்தாயை மெத்தையோடு தூக்கினார்கள். ஆண்கள் இருவரும் தலைமாட்டில், கண்மணியும் சோலையம்மாளும் கால்மாட்டில். வேலுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் குழந்தையோடு நடந்தாள் சண்முகசுந்தரி. தையல் போட்ட இடம் கத்தியால் கீறுவதுபோல வலித்தது. வாசலைத் தாண்டும்போது கால் வேகமாக எட்டு வைக்க மறுத்தது. கனவில் ஓடுவதுபோல இருந்தது.

வெளியே பனி மூட்டம். முற்றத்தின் மறுகோடியில் தகரம் போட்ட விறகுக் கொட்டகை இருந்தது. அங்கேதான் மெத்தையை இறக்கினார்கள். வாட்ச்மேன் அழகுமலை என்ன ஏதென்று ஓடிவந்தார். கண்மணி அவரிடம் என்ஜினை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கிற தண்ணீர் இறங்கினால்தான் பாரம் குறையும் என்றாள் சண்முகசுந்தரி. தொட்டியைக் கழுவி விடுவதற்கென்று வைத்த குழாய் ஒன்று வார்டின் வெளிச்சுவரில் இறங்கியிருந்தது. அதன் திருகு சுவரை ஒட்டி ஆள் உயரத்தில் இருந்தது. திறக்க வேண்டுமென்றால் அந்தச் சுவருக்கு அடியில் போய் நிற்க வேண்டும்.

அழகுமலை சுவரைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு போனார். புதுத் திருகு, சுலபமாக அசையவில்லை. அவர் அதில் தொங்குவதுபோல முழு உடம்பையும் போட்டுத் திருகுவது பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. பிறகு குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்தது. அவர் வழுக்கி விழுந்து, எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தார்.

கொட்டகையில் கண்மணி கையை உதறிக்கொண்டு நின்றாள். தொப்புள்கொடி வெட்டக் கத்தரியும் நூலும் இல்லை. எல்லாம் வார்டுக்குள் தட்டில் இருந்தன.

“போகாதீங்க சிஸ்டர்” என்றாள் சண்முகசுந்தரி.

கண்மணி போனாள். சண்முகசுந்தரி ஒரு கையில் தன் குழந்தையையும் மறு கையில் வேலுத்தாயின் கையையும் பிடித்துக்கொண்டு அந்த உடைந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் அவள் விரல்களை நெரித்தாள். அந்த வலிகூட அப்போது உறைக்கவில்லை. கண்மணி தட்டோடு திரும்பி வந்தாள். வெள்ளைச் சேலை முழுவதும் மண்ணாக இருந்தது.

விறகுக் கட்டைகளுக்கு நடுவே வேலுத்தாய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. கண்மணி கொடியைக் கட்டி வெட்டி, குழந்தையைச் சோலையம்மாளின் மடியில் போட்டாள். அது அழ ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வார்டு விழுந்தது. முதலில் விட்டம் முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது சத்தம் என்றே சொல்ல முடியாது, தரை அதிர்ந்தது. தொட்டி ஒரு பக்கமாகச் சரிந்து உள்ளே இறங்கியது. மிச்சமிருந்த தண்ணீர் வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் செம்மண்ணாகப் பொங்கி வந்து முற்றமெல்லாம் பரவியது. சண்முகசுந்தரியின் தலையணை அதில் மிதந்து வந்து படிக்கட்டில் தட்டி நின்றது.

கண்மணி ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அந்த மாத்திரையப் போட்டீங்களா, டீச்சர்?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள் சண்முகசுந்தரி. கண்மணி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா பொழுது சாய வந்தார். இடிந்த வார்டையும், கொட்டகையில் கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்து, காரிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார். சொல்லியனுப்பி மேஸ்திரி சுப்புராஜும் வந்திருந்தார். இரண்டாயிரம் என்றுதான் அம்மா சொன்னார்கள், தொட்டி என்றால் காலன் கணக்குதானே, முப்பது வருஷமாக அப்படித்தான் கட்டுகிறேன், லிட்டர் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்றார். லிட்டர் என்று எடுத்துச் சொன்னோமா என்பது டாக்டரம்மாவுக்கும் ஞாபகமில்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, சொல்லவில்லை என்றே நினைக்கிறேன் என்றார். யாரும் யாரையும் ஏசவில்லை. மேஸ்திரி அந்தச் செங்கல் குவியலுக்கு முன்னால் இருட்டும்வரை குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

ஞானவேல் வந்தபோது சண்முகசுந்தரிக்கு நடுக்கம் தொடங்கியிருந்தது. அதுவரை இல்லாத நடுக்கம், பல் கிட்டியது. சோலையம்மாள் தன் கம்பளியையும் கொண்டுவந்து போர்த்திவிட்டு, அவனிடம், “பயப்படாதீங்க தம்பி, இப்பத்தான் பயம் வெளிய வருது. வரட்டும்” என்றாள். சண்முகசுந்தரியிடமிருந்து குழந்தையை வாங்கி அவன் கையில் கொடுத்தாள். அவனுக்கு அதைச் சரியாகப் பிடிக்கவும் தெரியவில்லை. இடிந்த வார்டைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டேயிருந்தான்.

மறுநாள் அம்மா ஆயக்குடியிலிருந்து வந்து சேர்ந்தாள். செண்பகனூரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டில் பிள்ளை பெற்றவளுக்கென்று தனிப் பாய் விரித்து, மகளுக்கு மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுச் சோறு போட்டாள். சண்முகசுந்தரி சாப்பிட்டாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், வந்தவர்களிடம் நன்றாகவே பேசினாள். மல்லாந்து படுக்க மட்டும் அவளால் முடியவில்லை. குழந்தையைத் தனக்கு அடியில் அணைத்து ஒருக்களித்தே படுத்தாள். தூலத்துக்கு அடியிலிருந்து தொட்டிலை அவிழ்த்து வாசல் பக்கம் கட்டச் சொன்னபோது ஞானவேல் காரணம் கேட்காமல் மாற்றிக் கட்டினான். அடுத்த வாரம் காற்றுக்கு ஒரு கதவு கீச்சிட்டதும் மறுபடி மாற்றச் சொன்னாள். மறுபடி மாற்றினான்.

ஆடி பிறந்து, மழை சற்று விட்டிருந்த ஒரு பகலில், குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அவள் தன்னையறியாமல் மல்லாந்து தூங்கிப்போனாள். அம்மா அவளை எழுப்பாமல் அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் வேலை பார்த்தாள்.